மார்பகத்தில் வரும் நிணநீர்ப் புற்று: முதல் ஊசியிலேயே கிடைக்க வேண்டிய சதை

மார்பில் கட்டி என்றதும் மலேசியாவின் பேரா மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இரண்டே பேச்சுதான். "பால் கட்டாத்தான் இருக்கும், பத்துப் போடு" என்பது ஒன்று. "பெரிய ஆஸ்பத்திரியில எடுத்துப் போட்டுட்டா நிம்மதி" என்பது இன்னொன்று. மார்பகத்தில் வரும் நிணநீர்ப் புற்றுக்கு, அதாவது லிம்ஃபோமாவுக்கு, இரண்டுமே உதவாது. பத்துப் போட்டுக் காத்திருந்தால், வேகமான வகை சில வாரத்திலேயே கண்ணுக்குத் தெரியும்படி பெருத்துவிடும். வெட்டி எடுத்தாலும், ஒரே ஒரு வகை தவிர, தீராது. அது வெள்ளணுக்களில் பிறக்கும் நோய். மருந்துக்கும் கதிருக்கும்தான் கட்டுப்படும். மார்பகம் முழுவதையும் அகற்றுவதால் இந்த நோயில் ஆயுள் கூடுவதில்லை. புண் ஆறும்வரை மருந்து தள்ளிப்போவதுதான் மிச்சம்.

அதனால் இந்த நோயில் கத்தியைவிட, சோதனைக்குச் சதை எடுக்கும் ஊசிக்கு மதிப்பு அதிகம். முதலில் எடுக்கும் சதைத் துண்டு போதுமான அளவில், கெடாமல், சரியான கேள்வியோடு பரிசோதனைக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தால் பாதி வேலை முடிந்தது. சேராவிட்டால் நடக்கும் குழப்பங்களைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் அளவு புரிய வேண்டும். மார்பகத்தில் தோன்றும் புற்றுகளில் லிம்ஃபோமா 1 விழுக்காட்டுக்கும் குறைவு. அதில் பெரும்பாலானவை 'டிஃப்யூஸ் லார்ஜ் பி-செல்', அதாவது பெரிய பி-செல், என்ற வேகமான வகை (பி-செல், டி-செல் இரண்டும் வெள்ளணு வகைகள்). 60 வயதை ஒட்டிய பெண்களிடம் அதிகம் பார்க்கலாம். அடுத்து, மெதுவாக வளரும் மால்ட் வகை, ஃபாலிகுலர் வகை. இளம் தாய்மார்களிடம் அபூர்வமாக பர்கிட் என்ற மிக வேகமான வகை. சிலிக்கோன் பை வைத்தவர்களிடம் மட்டும் வரும் ஒரு டி-செல் வகையும் உண்டு. ஆண்களுக்கும் வரலாம், மிக மிக அரிதாக.

இவ்வளவு அரிதான ஒன்றுக்கு இத்தனை பேச்சு எதற்கு என்று கேட்கலாம். அரிது என்பதால்தான். யாரும் நினைத்துப் பார்க்காத நோயைத்தான் தப்பான பெயரில் எழுதிவிடுவார்கள்.

கிளினிக் கெசிஹாத்தானில், அதாவது அரசாங்கச் சுகாதார நிலையத்தில், தொட்டுப் பார்க்கும்போதே சில அடையாளங்கள் கிடைக்கும். கட்டி வலிக்காது, வேகமாக வளர்ந்திருக்கும், பெரும்பாலும் கைக்கு நகரும். வழக்கமான மார்பகப் புற்றில் காணும் தோல் குழிவு, காம்பு உள்ளிழுப்பு, காம்பிலிருந்து ரத்தக் கசிவு எல்லாம் இதில் குறைவு. அக்குளில் நெறி கட்டியிருந்தால் அதையும் அழுத்திப் பார்க்க வேண்டும். வழக்கமான புற்றில் அது கல்லாக இறுகியிருக்கும்; லிம்ஃபோமாவில் ரப்பர் போல அமுங்கி மீளும். இது உறுதியான சோதனை இல்லை, ஆனால் சந்தேகத்தைக் கிளப்பப் போதும். மறு அக்குள், கழுத்து, தொடை இடுக்கு எல்லாவற்றையும் பார்க்காமல் சீட்டு எழுதக்கூடாது. 38 டிகிரிக்கு மேல் காரணமில்லாத காய்ச்சல், உடுப்பு நனையும் இரவு வியர்வை, 6 மாதத்தில் உடல் எடையில் 10 விழுக்காட்டுக்கு மேல் குறைவு ஆகிய மூன்றையும் கேட்டு எழுத வேண்டும். மார்பகத்தில் மட்டும் இருக்கும் நோயில் இவை பெரும்பாலும் இருக்காது. இல்லை என்பதாலேயே நோயை ஒதுக்கிவிட முடியாது.

பால் கொடுக்கும் தாய்மார்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். பால் கட்டு என்றால் வலி, சூடு, சிவப்பு, காய்ச்சல் இருக்கும். பாலை வெளியேற்றி ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் இரண்டு மூன்று நாளில் இறங்கத் தொடங்கும். அப்படி இறங்காமல், இரண்டு மார்பும் சேர்ந்து கனத்து, நாளுக்கு நாள் பெரிதானால் மருந்தை மட்டும் மாற்றிக்கொண்டிருக்கக் கூடாது. அன்றே ஸ்கேன், கட்டியாகத் தெரிந்தால் ஊசி. பர்கிட் வகை ஓரிரு நாளில் இரட்டிப்பாகக்கூடியது. மனிதனுக்கு வரும் புற்றுகளில் அதைவிட வேகமானது காண்பது கடினம். பால் சுரக்கும்போது ஊசி குத்தினால் அந்தத் துளை வழியே பால் கசிந்துகொண்டே இருக்கும் என்ற பயத்தில் தள்ளிப்போடுகிறார்கள். அப்படி நடப்பது அபூர்வம். தள்ளிப்போடுவதுதான் ஆபத்து.

ஸ்கேன்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மேமோகிராமில் உருண்டையாகவோ நீள்வட்டமாகவோ அடர்ந்த ஒரு கட்டி தெரியும். சுண்ணாம்புப் பொட்டுகள் பெரும்பாலும் இருக்காது. முள் முள்ளாகக் கிளை விடுவதும் குறைவு. அல்ட்ராசவுண்டில் கறுப்பாக, ரத்த ஓட்டம் மிகுந்து தெரியும். சிக்கல் இங்கேதான்: ஓரம் வழுவழுப்பாக இருக்கும் கட்டி, ஃபைப்ரோஅடினோமா என்ற புற்றல்லாத கட்டி மாதிரியே இருக்கும். "6 மாதம் கழித்து வாருங்கள்" என்று அனுப்பப்படும் கட்டிகளில் இது ஒளிந்துகொள்ளலாம். 55 வயதுப் பெண்ணுக்குப் புதிதாக ஃபைப்ரோஅடினோமா முளைப்பது வழக்கமில்லை. அந்த வயதில் புதிதாக வந்து, வளர்ந்துகொண்டிருக்கும் கட்டிக்கு, படம் எவ்வளவு சாதுவாக இருந்தாலும், ஊசி போட்டே ஆக வேண்டும் என்பது என் கருத்து.

இனி, நம் ஊரில் இந்த நோயைக் கண்டுபிடிக்க விடாமல் செய்யும் முக்கியமான விஷயம்: ஸ்டீராய்டு.

லிம்ஃபோமா அணுக்கள் ஸ்டீராய்டு பட்டால் செத்துப்போகும். சிகிச்சையில் அது நன்மை. அதனால்தான் மருந்துக் கலவையில் பிரெட்னிசோலோன் இருக்கிறது. ஆனால் பயாப்சிக்கு, அதாவது சோதனைக்குச் சதை எடுப்பதற்கு, முன்னால் உள்ளே போனால், சில நாளிலேயே கட்டி சுருங்கும். எடுக்கும் சதையில் செத்த அணுக்களும் அதைத் துப்புரவு செய்ய வந்த அணுக்களும்தான் கிடைக்கும். அறிக்கை "நெக்ரோசிஸ், புற்று அணுக்கள் காணவில்லை" என்று வரும். குடும்பம் சாமிக்கு நேர்ந்ததைச் செலுத்தப் போகும். இரண்டு மாதத்தில் கட்டி திரும்பி வரும்.

ஸ்டீராய்டு எங்கிருந்து வருகிறது? டாக்டர் எழுதிக் கொடுத்ததாகவே இருக்க வேண்டும் என்றில்லை. பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையிலும் ஆன்லைனிலும் விற்கும் மூட்டுவலி ஜாமு (மலாய் மூலிகை மருந்து), உடம்பு தேற்றும் கேப்ஸ்யூல், கால்வலிக் காப்பித்தூள் ஆகியவற்றில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை பிடித்து எச்சரித்திருக்கிறது. செம்பனைக் குலை தூக்கி முதுகு போனவர்களும் வருடக்கணக்கில் ரப்பர் மரத்தில் பால் வெட்டி முட்டி தேய்ந்தவர்களும்தான் இவற்றின் வாடிக்கையாளர்கள். "ரெண்டு நாள்ல வலி போச்சு, நல்லா பசிக்குது, முகம் பளபளன்னு ஆச்சு" என்றால் மூலிகையின் மகிமை என்று நினைக்க வேண்டாம். வட்டமாக ஊதிய முகமும் திடீர்ப் பசியும் ஸ்டீராய்டின் கையெழுத்து. பதிவான மருந்தென்றால் பெட்டியில் 'மால்' என்று தொடங்கும் எண்ணும் ஹோலோகிராம் ஒட்டும் இருக்கும். இல்லாத எதையும் பையோடு எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள்.

"மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் நம் பெண்கள் "இல்லை" என்றுதான் சொல்வார்கள். ஜாமு அவர்கள் கணக்கில் மருந்தே இல்லை. "அக்கா, உடம்பு வலிக்கு என்ன போட்டுக்கிறீங்க? யாரு வாங்கிக் கொடுத்தாங்க?" என்று கேட்டால் பதில் வரும்.

இங்கே ஒரு எச்சரிக்கை கட்டாயம். மாதக்கணக்கில் இப்படிப்பட்ட கேப்ஸ்யூல் சாப்பிட்டவர்கள், இந்தப் பதிவைப் படித்துவிட்டுச் சட்டென்று நிறுத்திவிடக் கூடாது. உடம்பு சொந்தமாக ஸ்டீராய்டு சுரப்பதை நிறுத்தியிருக்கும். திடீரென்று விட்டால் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். எப்படிக் குறைப்பது, ஊசியை எப்போது போடுவது என்பதை டாக்டர் முடிவு செய்ய வேண்டும். ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் மருந்தைப் பற்றிக் கவலை வேண்டாம், ஆனால் சொல்லி வையுங்கள்.

டாக்டர்கள் தரப்பிலும் ஒரு பொறி உண்டு. கிரானுலோமேட்டஸ் மாஸ்டைட்டிஸ் என்ற அழற்சி நம் நாட்டு இளம் பெண்களிடம் அவ்வளவு அபூர்வமில்லை. அதற்கு பிரெட்னிசோலோன் கொடுப்பார்கள். காசநோயும் மார்பில் கட்டியாக வரும். எது எது என்று சதை பார்த்து உறுதி செய்யாமல், படத்தையும் தோற்றத்தையும் வைத்து ஸ்டீராய்டு தொடங்கினால் காசநோய் பரவும், லிம்ஃபோமா மறையும். சதை முதலில், மாத்திரை பிறகு. இதில் விதிவிலக்கு வெகு குறைவு.

ஊசிக்கு வருவோம். மெல்லிய ஊசியால் அணுக்களை உறிஞ்சும் எஃப்.என்.ஏ. சந்தேகத்தைக் கிளப்பப் போதும். வகை சொல்லப் போதாது. ஸ்லைடில் அணுக்கள் ஒட்டாமல் தனித்தனியாகச் சிதறி, பின்னணியில் அணுச்சாறின் சிறு துணுக்குகள் தூவியிருந்தால் கண் தேர்ந்தவர் லிம்ஃபோமா என்று யூகிப்பார். ஆனால் அணுக்கள் சதைக்குள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்பது அதில் தெரியாது. ஃபாலிகுலர், மால்ட் போன்றவற்றை அந்த அடுக்கை வைத்துத்தான் பிரிக்க முடியும். ஆகவே, தடித்த ஊசியால் சதையைத் துண்டாகவே எடுக்கும் கோர் பயாப்சி.

அல்ட்ராசவுண்ட் பார்த்தபடி, லிக்னோகெய்ன் போட்டு மரக்கச் செய்துவிட்டு, 14 கேஜ் ஊசியால் எடுப்பது நல்லது. கேஜ் எண் குறையக் குறைய ஊசி தடிமன் கூடும் என்பதைப் பலர் தலைகீழாக நினைத்திருக்கிறார்கள். 14 கேஜ் சுமார் 2 மில்லிமீட்டர் தடிமன். 18 கேஜ் அதில் பாதியை ஒட்டியது. 18-இல் எடுத்த இரண்டு துண்டை வைத்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு சாயச் சோதனை செய்வது நடக்காத காரியம். குறைந்தது 4, முடிந்தால் 6 துண்டு. ஒரே இடத்தில் குத்தாமல் கட்டியின் ஓரத்திலும் எடுக்க வேண்டும். வேகமாக வளரும் கட்டியின் நடுப்பகுதி செத்துக் கிடக்கும். வார்ஃபரின், ஆஸ்பிரின் மாதிரி ரத்தத்தை இளக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

ஊசியில் இருக்கும் துண்டைக் கிடுக்கியால் பிடித்து இழுக்கக் கூடாது. லிம்ஃபோமா அணு மிக மெல்லியது. லேசாக நசுங்கினாலே உட்கரு நூல் நூலாக இழுபட்டு நீலக் கோடாகிவிடும். அதற்குப் பிறகு எந்த நிபுணரும் எதையும் படிக்க முடியாது. ஊசி முனையைத் திரவத்தில் முக்கி அசைத்தால் துண்டு தானாகக் கழன்று விழும். உலர்ந்த பஞ்சின் மேலோ காகிதத்தின் மேலோ வைத்தால் ஈரம் உறிஞ்சப்பட்டு ஓரம் காய்ந்துவிடும்.

பெரும்பாலான துண்டுகள் 10 விழுக்காடு நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலினில் போக வேண்டும். சதையின் அளவைப்போல் 10 மடங்கு திரவமாவது வேண்டும். 6 மணி நேரத்துக்குக் குறையாமல், 72 மணி நேரத்தைத் தாண்டாமல் ஊற வேண்டும். குறைந்தால் நடுவில் பதப்படாது, கூடினால் சாயங்கள் சரியாக ஏறாது. ஒன்றிரண்டு துண்டை மட்டும் ஃபார்மலின் தொடாமல், ஆர்.பி.எம்.ஐ. என்ற அணு வளர்ப்புத் திரவத்தில் ஃப்ளோ சைட்டோமெட்ரி சோதனைக்குத் தனியாக அனுப்பலாம். ஆர்.பி.எம்.ஐ. கைவசம் இல்லாவிட்டால், கூடம் பக்கத்திலிருக்கும்போது சலைன் என்ற உப்பு நீர் போதும். ஃப்ளோ என்பது உயிருள்ள அணுக்களை எண்ணும் சோதனை. 24 மணி நேரத்துக்குள் போய்ச் சேர்வது நல்லது. ஆகவே வெள்ளிக்கிழமை மாலையில் இந்த ஊசியைப் போடாதீர்கள். பேராவில் சனி, ஞாயிறு விடுமுறை. இடையில் ஒரு பொது விடுமுறையும் சேர்ந்தால் செவ்வாய்க்கிழமை திறந்து பார்க்கும்போது புட்டியில் செத்த அணுக்கள்தான் இருக்கும். வெள்ளிக்கிழமை தவிர வேறு நாளே இல்லையென்றால் எல்லாத் துண்டையும் ஃபார்மலினில் போட்டுவிடுவது புத்திசாலித்தனம். ஃப்ளோ இல்லாமலும் நோயைச் சொல்லலாம். சதை இல்லாமல் சொல்ல முடியாது.

பரிசோதனைப் படிவத்தில் "மார்பகக் கட்டி, புற்றா?" என்று மட்டும் எழுதினால், கூடம் வழக்கமான பாதையில்தான் போகும். கட்டி எத்தனை வாரத்தில் வளர்ந்தது, அக்குளில் நெறி உண்டா, ஸ்டீராய்டு உள்ளே போயிருக்கிறதா, சிலிக்கோன் பை உண்டா, பால் கொடுக்கிறாரா, முன்பு லிம்ஃபோமா வந்ததுண்டா என்பதை இரண்டு வரியில் எழுதி, "லிம்ஃபோமா சந்தேகம்" என்ற சொல்லையும் சேர்த்தால், கூடத்தில் முதல் வெட்டிலேயே சாயமேற்றாத உபரி ஸ்லைடுகளை வெட்டி வைப்பார்கள். சதையைப் பதித்த மெழுகுக் கட்டியை ஒவ்வொரு முறை வெட்டும் எந்திரத்தில் ஏற்றும்போதும் மேற்பரப்பைச் சமன்செய்யக் கொஞ்சம் சதை வீணாகும். 2 மில்லிமீட்டர் துண்டில் மூன்று முறை ஏற்றினால் உள்ளே இருக்கும் சதையே தீர்ந்துபோகும்.

மைக்ராஸ்கோப்பின் அடியில் நடக்கும் ஏமாற்று வேலை தனி ரகம். லோபுலர் என்ற மார்பகப் புற்று வகையிலும் அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாகத் திரியும். பார்க்க லிம்ஃபோமா மாதிரி. இன்னொரு வகை மார்பகப் புற்றில் உடலின் சொந்த வெள்ளணுக்கள் கூட்டமாக வந்து புற்றணுக்களை மூடிவிடும். அதுவும் லிம்ஃபோமா மாதிரி. எதிர்த்திசையில், பெரிய பி-செல் லிம்ஃபோமா திண்ணென்று விரிப்பாக வளர்ந்து, மோசமான மார்பகப் புற்று மாதிரியே நிற்கும்.

இதில் எது மிக ஆபத்தான தவறு என்று கேட்டால் கடைசியில் சொன்னதைத்தான் சொல்வேன். அந்தச் சதைக்கு வழக்கப்படி ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்2 என்ற மார்பகப் புற்றுக்கான மூன்று சாயச் சோதனைகளையும் போடுவார்கள். மூன்றும் இல்லை என்று வரும். வெள்ளணுவில் அவை இருப்பதற்கில்லை. உடனே "டிரிப்பிள் நெகட்டிவ் மார்பகப் புற்று" என்ற பெயர் ஒட்டிக்கொள்ளும். நோயாளிக்கு டாக்சோரூபிசினும் சைக்ளோஃபாஸ்ஃபமைடும் தொடங்குவார்கள். வாந்தி வராமலிருக்க டெக்ஸாமெத்தசோன் சேரும். இவை மூன்றும் லிம்ஃபோமாவையும் அடிக்கும் மருந்துகள். கட்டி மளமளவென்று கரையும். எல்லோரும் மகிழ்ச்சியடைவார்கள். கரைந்ததே தவறை மறைத்துவிடும். பி-செல்லைத் தாக்கும் ரிட்டுக்ஸிமாப் மருந்து போகாமல், மூளைக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்காமல், நோய் திரும்பும்போதுதான் பழைய ஸ்லைடை யாராவது எடுத்துப் பார்ப்பார்கள். ஆகவே டிரிப்பிள் நெகட்டிவ் என்று எழுதுவதற்கு முன், அந்தச் சதையில், மார்பகப் புற்றணுவில் இருக்கும் சைட்டோகெரட்டின் என்ற புரதத்துக்கான சாயம் உண்மையிலேயே ஏறியிருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். அறிக்கையில் அந்தச் சொல் இல்லையென்றால் டாக்டரிடம் கேட்பதில் தப்பில்லை.

முதல் சுற்றுக்கு நான்கு சாயம் போதும்: சைட்டோகெரட்டின், வெள்ளணுவைக் காட்டும் சிடி45, பி-செல்லைக் காட்டும் சிடி20, டி-செல்லைக் காட்டும் சிடி3. கெரட்டின் இல்லை, சிடி45 உண்டு, சிடி20 உண்டு என்றால் பி-செல் லிம்ஃபோமா பாதைக்குப் போகலாம். கெரட்டினும் இல்லை, சிடி45-உம் இல்லை என்றால் கையை விரிக்கக் கூடாது. அனபிளாஸ்டிக் வகை சில நேரம் சிடி45-ஐக் காட்டாது, அதற்கு சிடி30 போட வேண்டும். மெலனோமாவுக்கு எஸ்100, பிளாஸ்மா அணுவுக்கு சிடி138. மார்பகப் புற்றின் அடையாளமாக எல்லோரும் நம்பும் கேட்டா3 சில டி-செல் லிம்ஃபோமாவிலும் ஏறும்; அதை மட்டும் வைத்து முடிவு செய்வது சரியில்லை. ஸ்டீராய்டு பட்டுச் செத்த சதையிலும் ஒரு கடைசி வழி உண்டு: செத்த அணுக்களின் கூட்டில் சிடி20 சில நேரம் மிஞ்சியிருக்கும். போட்டுப் பார்த்துவிட்டு, கட்டி திரும்பி வளர்ந்ததும் மறுபடி ஊசி போட வேண்டும்.

பெரிய பி-செல் என்று உறுதியானதும் இரண்டாம் சுற்று. 2004-இல் ஹான்ஸ் குழுவினர் வெளியிட்ட முறைப்படி சிடி10, பிசிஎல்6, மம்1 மூன்றையும் 30 விழுக்காடு எல்லை வைத்துப் படிப்பார்கள். சிடி10 இருந்தால் ஜெர்மினல் வகை, அதாவது நிணநீர்க் கணுவின் முளைமைய அணுவிலிருந்து வந்தது. சிடி10-உம் பிசிஎல்6-உம் இல்லையென்றால் அந்த வகை அல்ல. பிசிஎல்6 மட்டும் இருந்தால் மம்1 தீர்ப்புச் சொல்லும்: மம்1 இருந்தால் ஜெர்மினல் அல்லாதது. மார்பகத்தில் வருவது பெரும்பாலும் ஜெர்மினல் அல்லாத வகை, எம்.ஒய்.டி88, சிடி79பி மரபணு மாற்றங்கள் இதில் அடிக்கடி காணப்படும். மூளைக்கும் தண்டுவடத்துக்கும் போகும் குணம் இதற்கு இருப்பதால் வகை பிரிப்பது வெறும் ஏட்டு வேலை இல்லை. மிக் புரதம் 40 விழுக்காடு அணுக்களையும் பிசிஎல்2 புரதம் 50 விழுக்காடு அணுக்களையும் தாண்டுகிறதா என்றும், மிக் மரபணு உடைந்திருக்கிறதா என்று ஃபிஷ் சோதனையிலும் பார்ப்பார்கள். பர்கிட்டில், பெருகும் அணுக்களைக் காட்டும் கே.ஐ-67 கிட்டத்தட்ட 100 விழுக்காடு. சிடி10 உண்டு, பிசிஎல்2 பெரும்பாலும் இராது. அந்த நோயாளிக்கு மருந்து ஏறுமுன்பே யூரிக் அமிலம், பொட்டாசியம், பாஸ்பேட், சிறுநீரகம் எல்லாம் பார்த்தாக வேண்டும். கட்டி ஒரேயடியாகக் கரைந்தால் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும்.

மால்ட் வகையில் சிக்கல் எதிர்மாறானது: புற்று இல்லாததைப் புற்று என்று சொல்லிவிடும் ஆபத்து. நீண்டநாள் இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர்களுக்கு மார்பில் கல் போல ஒரு கட்டி வரும். உள்ளே பி-செல்கள் மண்டியிருக்கும். அது சாதாரண அழற்சிதான். நம் சமூகத்தில் இனிப்புநீர் இல்லாத வீட்டைத் தேட வேண்டியிருக்கும்போது, படிவத்தில் அதையும் எழுதுவது நல்லது. பி-செல்லின் புரதச் சங்கிலிகளான கப்பா, லாம்டா இரண்டில் ஒன்று மட்டும் பெருகியிருக்கிறதா, மரபணுச் சோதனையில் எல்லா அணுவும் ஒரே தாயணுவின் பிள்ளைகளா என்று பார்த்துப் பிரிப்பார்கள்.

சிலிக்கோன் பை விஷயம் கொஞ்சம் தனி. 1997-இல் கீச், கிரீச் என்ற இருவர் முதல் நோயாளியைப் பதிவு செய்தார்கள். 2011-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரித்தது; 2019 ஜூலையில் அல்லெர்கன் நிறுவனம் தன் சொரசொரப்பான பயோசெல் வகைப் பைகளை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. பை வைத்து ஓராண்டுக்குப் பிறகு, பெரும்பாலும் 8, 10 ஆண்டு கழித்து, ஒரு மார்பு மட்டும் திடீரென்று ஊதினால் பையைச் சுற்றி நீர் சேர்ந்திருக்கும். அந்த நீரை வடித்துக் கொட்டிவிடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தப்பு. ஸ்கேன் பார்த்து, பையைக் குத்தாமல், முடிந்தால் 50 மில்லிக்குக் குறையாமல் எடுத்து, அத்தனையையும் அனுப்ப வேண்டும். முதல் முறை எடுக்கும் நீரில்தான் அணுக்கள் அதிகம், மறுமுறை நீர்த்துவிடும். அந்த நீரில் செய்ய வேண்டியவை: அணுப் பார்வை, சிடி30, ஃப்ளோ, கூடவே கிருமி வளர்ப்பு. சிடி30 அங்கொன்றும் இங்கொன்றுமாக ஏறினால் போதாது. பெரிய, கோணல் மாணலான அணுக்களில் ஒரே சீராக ஏற வேண்டும், ஏ.எல்.கே. என்ற புரதம் இருக்கக் கூடாது. ஆரம்ப நிலையில் பிடிபட்டால், பையையும் அதைச் சுற்றிய உறையையும் முழுதாக எடுப்பதே பெரும்பாலானவர்களுக்குப் போதும். வெட்டித் தீரும் வகை இது ஒன்றுதான். பை போட்டபோது கொடுத்த அட்டையைத் தொலைக்காதீர்கள். எந்த வகைப் பை என்பது அதில்தான் இருக்கும்.

வகை தெரிந்த பிறகு, நோய் மார்பகத்திலேயே பிறந்ததா, வேறெங்கோ பிறந்து இங்கே வந்ததா என்ற கேள்வி. 1972-இல் வைஸ்மன், லியாவ் இருவரும் வகுத்த அளவுகோலைத்தான் இன்றும் பயன்படுத்துகிறார்கள்: சதை போதுமானதாக இருக்க வேண்டும், லிம்ஃபோமாவும் மார்பகத் திசுவும் ஒட்டியே காணப்பட வேண்டும், முன்பு வேறிடத்தில் லிம்ஃபோமா இருந்திருக்கக் கூடாது, உடலில் வேறெங்கும் பரவியிருக்கக் கூடாது, அதே பக்க அக்குள் நெறி மட்டும் விலக்கு. முதல் நிபந்தனையே சதை என்பதைக் கவனியுங்கள்.

இதற்கு, நோய் எங்கெங்கே இருக்கிறது என்று உடல் முழுவதும் காட்டும் பெட்-சி.டி. ஸ்கேன் வேண்டும். அரசாங்கத் தரப்பில் புத்ராஜெயாவின் தேசியப் புற்றுநோய்க் கழகத்திலும் பினாங்கிலும் அந்த வசதி உண்டு; ரத்தவியலுக்கு நாட்டின் முக்கிய மையம் அம்பாங் மருத்துவமனை. 6 மணி நேரம் பட்டினி. தண்ணீர் குடிக்கலாம், தே தாரேக் என்ற பால் தேநீர் கூடாது. ரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 11 மில்லிமோலைத் தாண்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், மூன்று மணி நேரம் பஸ்ஸில் போனதெல்லாம் வீண். மெட்ஃபோர்மின் குடலில் பொய் வெளிச்சம் காட்டும். நிறுத்த வேண்டுமா என்று முன்பே கேளுங்கள். பால் சுரக்கும் மார்பும் பளிச்சென்று ஒளிரும். படம் படிப்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

ரத்தத்தில் எல்.டி.எச்., எச்.ஐ.வி., ஹெப்பட்டைட்டிஸ் பி, சி. இதில் பி-யை இரண்டு விதமாகப் பார்க்க வேண்டும்: எச்.பி.எஸ். ஆன்டிஜென் மட்டுமல்ல, முன்பு கிருமி வந்துபோனதையும் காட்டும் கோர் எதிர்ப்புரதமும். எப்போதோ வந்து அடங்கிப்போன கிருமி, ரிட்டுக்ஸிமாப் ஏறியதும் விழித்துக்கொண்டு ஈரலை அழிக்கும். கோர் எதிர்ப்புரதம் இருந்தால் என்டெகாவிர் மாதிரி மாத்திரை தொடங்கி, கடைசி ரிட்டுக்ஸிமாப்புக்குப் பிறகும் குறைந்தது 12 மாதம் தொடர வேண்டும். சிகிச்சை முடிந்ததென்று மாத்திரையை விட்டவர்களுக்குத்தான் ஆபத்து. டாக்சோரூபிசின் இதயத்தைப் பாதிக்கும் என்பதால் எக்கோ என்ற இதய ஸ்கேன். பெரிய பி-செல் வகையில் முதுகுத்தண்டு நீரையும் எடுத்துப் பார்ப்பது உண்டு. நம் ஊரில் "முதுகுல ஊசி போட்டா கால் விளங்காது" என்று பயப்படுவார்கள். ஊசி இறங்கும் இடம் தண்டுவடம் முடியும் இடத்துக்குக் கீழே. வரக்கூடியது தலைவலி, அதுவும் ஓய்வெடுத்தால் பெரும்பாலும் போய்விடும்.

பயணச் செலவுக்கு: எஸ்.டி.ஆர். என்ற அரசாங்க ரொக்க உதவி பெறுபவர்களில் 40 வயது நிரம்பியோருக்கு, குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கான பெக்கா பி40 சுகாதாரத் திட்டம் 2019 முதல் இருக்கிறது. அரசாங்க மருத்துவமனையில் புற்றுநோய் சிகிச்சை பெறுவோருக்குப் போக்குவரத்து உதவியும், சிகிச்சையை முடிப்போருக்கு ஊக்கத்தொகையும் அதில் உண்டு. மருத்துவமனையின் சமூகநல அதிகாரியிடம் படிவம் கேளுங்கள்.

இரண்டாவது கருத்துக்கு அறிக்கையை மட்டும் கொண்டுபோனால் போதாது. மெழுகுக் கட்டிகளையும் ஸ்லைடுகளையும் எடுத்த இடத்திலிருந்து கேட்டு வாங்க வேண்டும். சிகிச்சை தரும் டாக்டரின் கடிதம் இருந்தால் கொடுப்பார்கள். கையொப்பம் வாங்கிக்கொண்டு, எத்தனை கட்டி, எத்தனை ஸ்லைடு என்று எழுதித் தருவார்கள். எண்ணிப் பார்த்து வாங்குங்கள். ஸ்லைடு பெட்டியில் நிமிர்ந்து நிற்க வேண்டும், ரப்பர் பேண்டு போட்டுக் கட்டக்கூடாது. அந்த மெழுகு 60 டிகிரியை ஒட்டி உருகும். வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு அந்தச் சூட்டை எட்டிவிடும். சாப்பிட வண்டியை நிறுத்தினால் கட்டிகளையும் கையோடு எடுத்துக்கொண்டு இறங்குங்கள்.